நாய்க்கு வெயிலா, உண்ணிக் காய்ச்சலா? வீட்டில் எதுவரை பார்க்கலாம் (வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இருப்பவர்கள் வாங்க)

மணி அம்மா, காட்பாடி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மணி லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்த கடுவன், நாலு வயது. கொஞ்ச நாளாகச் சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டு அப்படியே போய்விடுகிறான். குளியலறைத் தரையை விட்டு எழுந்திருப்பதே இல்லை. கத்திரி வெயிலில் எல்லா நாயும் இப்படித்தான் கிடக்கும் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை. காது மடலுக்குள் உண்ணி, கால் விரல் இடுக்கிலும் உண்ணி.

உடம்பு சுடுகிறது, பாராசிட்டமால் பாதி கொடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எதிர்வீட்டுப் பெரியவர் மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைக்கச் சொல்கிறார். டாக்டர் சாயங்காலம்தான் இருப்பார். அதுவரை என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, சொல்லுங்கள்.

குடியாத்தம் பெரியவர்:

அம்மா, முதலில் அந்தப் பாராசிட்டமாலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டர் இல்லை. ஆனால் மனிதர் மாத்திரையால் சீரழிந்த நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் ஈரலைக் கெடுக்கும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கிற வேலையையும் கெடுக்கும். பூனைக்கோ ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். ஐப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பிடிக்கும். உண்ணிக் காய்ச்சலாக இருந்தால் ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த நேரத்தில் வலி மாத்திரை உள்ளே போனால் ரத்தக் கசிவு கூடும்.

மண்ணெண்ணெயும் வேண்டாம். தோல் வெந்துபோகும், நக்கினால் நுரையீரல் வரை கேடு. எண்ணெய் ஊற்றினாலும் சூடு வைத்தாலும் உண்ணி தன் எச்சிலைக் கடிவாய்க்குள் கக்கும், நோய்க்கிருமி இறங்குவதே அந்த எச்சில் வழியாகத்தான். கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு, புருவம் எடுக்கிற சாமணத்தால் உண்ணியின் வாய்ப்பக்கம், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நகத்தில் வைத்து நசுக்காதீர்கள்.

சாயங்காலத்துக்குள் மூன்று விஷயம் பார்த்து வையுங்கள். காய்ச்சல் எவ்வளவு, ஈறு என்ன நிறம், மூக்கிலோ சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம் இருக்கிறதா. டாக்டர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான். அடிவயிற்றில் மயிர் குறைந்த இடத்தில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பாகாயம் பொண்ணு:

ஐயா, காய்ச்சலை வீட்டில் எப்படிப் பார்ப்பது? மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று சொல்வார்களே?

குடியாத்தம் பெரியவர்:

மூக்கை நம்பாதே பாப்பா. தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். தொட்டுப் பார்ப்பதும் உதவாது, நாயின் உடம்பு இயல்பிலேயே நம்மைவிடச் சூடு. 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதற்குச் சாதாரணம்.

மருந்துக் கடையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நாய்க்கென்று தனியாக வைத்துக்கொள். முனையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவு. வீட்டில் இன்னொருவர் நாயின் தலையை மார்போடு அணைத்துப் பிடித்துப் பேச்சுக் கொடுக்கட்டும். நீ வாலை மெதுவாகத் தூக்கி, முனையை ஆசனவாய்க்குள் ஒரு அங்குலம் விட்டு, பக்கச் சுவரில் சாய்ந்தமாதிரி பிடி. நடுவில் மலத்துக்குள் குத்தி நின்றால் அளவு தப்பாகக் காட்டும். சத்தம் வந்ததும் எடுத்துவிடு. ஓடி விளையாடிய உடனே பார்க்காமல் அரை மணி நேரம் நிழலில் படுத்த பிறகு பார். அப்போதும் 103 தாண்டினால் காய்ச்சல்தான். 104 என்றால் அன்றைக்கே டாக்டர்.

ஈறும் முக்கியம். மேலுதட்டைத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே விரலால் அழுத்தி எடு. வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்தே இருந்தால் ரத்தம் குறைவு. மஞ்சளாக இருந்தால் ஈரல் கோளாறோ, ரத்தச் சிவப்பணுக்கள் உடைவதோ காரணமாக இருக்கலாம். நம்மூர் நாய்களில் பாதிக்கு ஈறே கறுப்பு. அப்படி இருந்தால் கண்ணின் கீழிமையைக் கீழே இழுத்து உள்பக்க நிறத்தைப் பார்.

சத்துவாச்சாரி நாய்த்தோழன்:

வெயில் பற்றியும் சொல்லியாக வேண்டும். தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறவன் நான். ஒவ்வொரு மே மாதமும் பக், ஷிட்சூ வளர்க்கிறவர்கள் மதியம் மூன்று மணிக்குப் பதறிக்கொண்டு கூப்பிடுவார்கள். சப்பை மூக்கு நாய்க்கு மூச்சுக் குழல் குறுகல், மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், அது அவற்றால் முடியாது. வேலூர் வெயிலுக்கு அந்த ஜாதிகளை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. வளர்ப்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்வேன்.

விடாமல் மூச்சிரைப்பு, நாக்கு அடர்சிவப்பு, கெட்டியான எச்சில் வழிதல், தள்ளாட்டம், வாந்தி. இவை தெரிந்தால் வெயில் தாக்கிவிட்டது. முதலில் உடம்பைக் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் வண்டி ஏற்ற வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மதியம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் கையே வைக்க முடியாமல் கொதிக்கும். பதற்றத்தில் அதை ஊற்றிவிடக் கூடாது. கீழ்த்தொட்டியிலிருந்தோ, போர்வெல்லிலிருந்து நேராகவோ, குடத்திலிருந்தோ ஊற்றுங்கள். வயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதம் எல்லாம் நனைய வேண்டும், மேலே மின்விசிறி ஓட வேண்டும். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கும். 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதற்கும் கீழே போய்க்கொண்டே இருக்கும். மயங்கிக் கிடக்கிற நாயின் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள், புரையேறும். எழுந்து உட்கார்ந்து வாலை ஆட்டினாலும் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகமும் ரத்தம் உறைகிற தன்மையும் ஒரு நாள் கழித்துக் கெடுவது உண்டு.

காலையில் ஏழு மணிக்குள், இரவில் எட்டுக்கு மேல் நடைக்கு அழைத்துப் போங்கள். தார்ச் சாலையில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். நம்மால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

மணி அம்மா, காட்பாடி:

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடி பார்த்தேன், 103.8 இருந்தது. கண்ணிமை உள்பக்கம் வெளுப்பாகத்தான் தெரிந்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தட்டணு 70 ஆயிரம்தான் இருக்கிறது, எர்லிக்கியா என்கிற உண்ணிக் காய்ச்சல் என்றார். டாக்ஸிசைக்ளின் 28 நாளைக்கு எழுதியிருக்கிறார். மாத்திரை கொடுத்தால் துப்பிவிடுகிறான். தயிர்ச் சோற்றில் பொடித்துப் போடலாமா?

குடியாத்தம் பெரியவர்:

சரியான நேரத்தில் போனீர்கள். நாய்க்குத் தட்டணு 2 லட்சத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

இந்த மருந்தைப் பாலிலோ தயிரிலோ போடாதீர்கள், சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர்வது குறையும். வெறும் வயிற்றிலும் வேண்டாம், குமட்டும். வேகவைத்த கோழி ஈரல் துண்டிலோ, இட்லி விள்ளலிலோ பொதிந்து கொடுங்கள். முதலில் மருந்தில்லாத துண்டு ஒன்று, அடுத்து மருந்துள்ளது, உடனே மறுபடி வெறும் துண்டு ஒன்று. மூன்றாவதுக்கு ஆசைப்பட்டு இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடுவான். அதன் பின்னால் கட்டாயம் தண்ணீர் குடிக்க வேண்டும், மாத்திரை உணவுக் குழாயில் ஒட்டினால் அங்கே புண்ணாகும்.

நாலைந்து நாளிலேயே பழையபடி துள்ளுவான். அங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். கிருமி உள்ளேயே பதுங்கியிருந்து, மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பிடிக்கும். அந்தக் கட்டத்தில் வந்த நாய்களைக் காப்பாற்றுவது மிகக் கடினம். டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி ரத்தம் பாருங்கள்.

பாகாயம் பொண்ணு:

எங்கள் வீட்டில் நாயைக் குளிப்பாட்டி எல்லா உண்ணியையும் எடுத்தாலும் அடுத்த வாரமே மறுபடி வந்துவிடுகிறது. எங்கிருந்து வருகிறது?

சத்துவாச்சாரி நாய்த்தோழன்:

சுவரிலிருந்து. ரத்தம் குடித்து மொச்சைக் கொட்டை அளவுக்கு வீங்கின பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவரில் ஏறி, வெடிப்பிலோ நிலைப்படி இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் நாம் பார்ப்பது அந்தக் கூட்டத்தில் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வீட்டில் இருக்கிறது, தீனி இல்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும். நாய் படுக்கிற இடத்தைச் சுற்றியுள்ள வெடிப்புகளைச் சிமெண்டால் பூசுங்கள். கோணியை எரித்துவிட்டு, துவைக்கக்கூடிய துணி போடுங்கள், வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசிக் கடும் வெயிலில் காய வையுங்கள். இதற்காவது நம்மூர் வெயில் உதவட்டும்.

நாய்க்கு ஃபிப்ரோனில் சொட்டு மருந்தோ, ஃப்ளூராலேனர், அஃபாக்சோலேனர் போன்ற மெல்லும் மாத்திரையோ டாக்டர் எடை பார்த்துத் தருவார். விலை கூடுதல்தான், ஆனால் உண்ணிக் காய்ச்சல் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வலிப்பு வந்த நாயாக இருந்தால் அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அந்த மாத்திரை அதற்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஒடுகத்தூர் விவசாயி:

எல்லாத்துக்கும் மாத்திரையா? பொய்கைச் சந்தைக்குப் போகும்போது மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்து பாட்டில் வாங்கி வருவேன். நாய்க்கும் அதையே தண்ணீரில் கலந்து அடிக்கிறேன். சொறிக்கு இன்ஜின் ஆயில், புழு வைத்த புண்ணுக்குச் சீத்தா இலை. எங்கள் ஊரில் காலங்காலமாக நடப்பது இது. எங்களுக்கு அணைக்கட்டு போய் வரவே அரை நாள் வேலை கெட்டுவிடும்.

குடியாத்தம் பெரியவர்:

தம்பி, தூரம் பற்றி நீ சொல்வது நியாயம். அதனாலேயே எது ஆகும், எது ஆகாது என்று பிரித்தே சொல்கிறேன்.

சீத்தா இலை ஆகும். புழு வைத்த புண்ணில் இலையை அரைத்து வைத்தால் புழு வெளியே வரும், மாட்டு வைத்தியத்திலும் இந்தப் பழக்கம் உண்டு. முதலில் புண்ணைச் சுற்றி மயிரை வெட்டு, உப்புத் தண்ணீரில் கழுவு, வெளியே வருகிற புழுவை ஒவ்வொன்றாகச் சாமணத்தில் எடு. அரைத்ததை நாய் நக்காதபடி கட்டு, கண் பக்கம் போகவே கூடாது. புண் காது ஓட்டைக்குள்ளோ, கண்ணருகிலோ, ஆழமாகவோ இருந்தால் வீட்டு வைத்தியம் போதாது. பினாயில் மட்டும் ஊற்றாதே. புழு சாகும்தான், கூடவே சதையும் வேகும், தோல் வழியாக விஷமும் ஏறும்.

வேப்பிலை வேகவைத்த தண்ணீரில் குளிப்பாட்டலாம், அரிப்பு கொஞ்சம் அடங்கும். உண்ணி போகாது.

பழைய இன்ஜின் ஆயில் கூடவே கூடாது. அதில் இருக்கிற உலோகக் கழிவெல்லாம் நக்கி நக்கி வயிற்றுக்குள் போகும். சொறியிலும் வகை இருக்கிறது. ஒன்று வீட்டு ஆட்களுக்கும் தொற்றி அரிக்கும், இன்னொன்று தொற்றாது, பூஞ்சை வேறு. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

மாட்டு மருந்தில் என் பயம் அளவைப் பற்றியது. அமிட்ராஸோ சைபர்மெத்ரினோ, மாட்டுக்குக் கலக்கும் கணக்கு வேறு. மாடு தன் உடம்பு முழுக்க நக்காது, நாய் நக்கும். அமிட்ராஸ் வயிற்றுக்குள் போனால் நாய் மயங்கிக் கிடக்கும், இதயத் துடிப்பு குறையும். குட்டிக்கும் சினை நாய்க்கும் அடிக்கவே வேண்டாம். பூனை இருக்கிற வீட்டில் சைபர்மெத்ரின் இன்னும் ஆபத்து. மாட்டைக் காட்ட மருத்துவமனைக்குப் போகிற அன்றைக்கு நாயின் எடையைச் சொல்லி, அதற்கான மருந்தைக் கேட்டு வாங்கி வா. தனியாக அலைய வேண்டாம்.

ஒடுகத்தூர் விவசாயி:

சரிங்க ஐயா. அடுத்த வாரம் கன்றுக்கு ஊசி போடப் போகிறேன், அப்போதே கேட்கிறேன். பாம்பு கடித்தால் என்ன செய்வது? அமிர்தி காட்டுப் பக்கம் எங்கள் நாய்கள் அடிக்கடி மாட்டுகின்றன.

குடியாத்தம் பெரியவர்:

கட்டுப் போடாதே, கீறாதே, நடக்கவும் விடாதே. தூக்கிக்கொண்டு வா. முகத்திலோ காலிலோ வீக்கமும் ரத்தக் கசிவும் இருந்தால் விரியன் கடியாக இருக்கலாம். நாகமோ கட்டுவிரியனோ என்றால் கால் துவண்டு மூச்சு திணறும், கட்டுவிரியன் கடியில் வீக்கம் அதிகம் இருக்காது. எது கடித்தாலும் விஷமுறிவு மருந்து ஒன்றுதான் வழி. மனிதர்களுக்குப் போடும் அதே மருந்துதான் நாய்க்கும். கிளம்பும்போதே போன் செய்து மருந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள், இல்லாத இடத்துக்குப் போய் நேரத்தை இழக்காதே.

ஆம்பூர்காரன்:

சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மிச்சமான பிரியாணி எல்லாம் நாய்க்குத்தான். எலும்பும் அதோடு போகும். நன்றாகத்தானே தின்கிறது?

வாலாஜா டீச்சர்:

தின்னும், அதன் பிறகு நடப்பதுதான் கஷ்டம். எலும்பைப் பொறுத்தவரை, வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும். தொண்டையிலோ குடலிலோ குத்தி அறுவை சிகிச்சை வரை போன நாய்களை எனக்குத் தெரியும். மலம் கல்லாக இறுகி, முக்கி முக்கி அழுகிற நாய்கள் அதைவிட அதிகம். பிரியாணியின் நெய்யும் கொழுப்பும் கணையத்தை வீங்க வைக்கும். வாந்தியும் வயிற்று வலியும் வந்து, முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வெங்காயம் இன்னும் மோசம், தயிர்ப் பச்சடியில் பச்சையாக இருந்தாலும் கத்திரிக்காய்த் தொக்கில் வதங்கியிருந்தாலும் அதே கேடுதான். ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பூண்டும் அந்த வகைதான். பாயசத்திலும் கேசரியிலும் போடுகிற உலர் திராட்சை சிறுநீரகத்தை அடித்துவிடும். சாக்லேட்டும் விஷம்.

நான் கொடுப்பது இது: குழைந்த சோறு ஒரு பங்கு, எலும்பில்லாத வெந்த கோழியோ முட்டையோ ஒரு பங்கு, கொஞ்சம் பூசணி அல்லது கேரட். காரம், மசாலா கிடையாது. வெறும் பால் சோற்றிலேயே வளர்க்காதீர்கள், வளர்ந்த நாய்களில் நிறையவற்றுக்குப் பால் செரிக்காமல் கழிச்சல் வரும். தயிர் கொஞ்சம் பரவாயில்லை.

வளர்ந்த நாய் ஒருமுறை இரண்டுமுறை வாந்தி எடுத்து, சுறுசுறுப்பாகவே இருந்தால் சில மணி நேரம் சோறு வைக்காமல், தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். குட்டிகளைப் பட்டினி போடக்கூடாது. தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக இருந்தால் பார்வோ என்கிற வைரஸ் நோய் என்றே நினைத்து உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், சில மணி நேரத்திலேயே உடம்பில் நீர் வற்றிவிடும். பிழைப்பதே குளுக்கோஸ் ஏற்றுவதில்தான். அந்தக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும், அந்த வீட்டில் தடுப்பூசி முடியாத குட்டியை அடுத்து வளர்க்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை. ஒரு ஊசியோடு முடிந்தது என்று நிறுத்துவதால்தான் குட்டிகள் போகின்றன.

பாகாயம் பொண்ணு:

டீச்சர், இன்னொரு சந்தேகம். பக்கத்து வீட்டுக் குழந்தையை எங்கள் குட்டி விளையாட்டில் பல்லால் கீறிவிட்டது. லேசாக ரத்தம் வந்தது. குட்டிக்கு இன்னும் வெறிநோய் ஊசி போடவில்லை, மூன்று மாதம் ஆகவில்லை. குழந்தையின் பாட்டி சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பிவிட்டார். குட்டிதானே, ஒன்றும் ஆகாது என்கிறார்கள்.

வாலாஜா டீச்சர்:

இதை உடனே படித்துவிட்டுப் போம்மா. சுண்ணாம்பைக் கழுவி எடு. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் முழுதாகக் கழுவ வேண்டும், கடிகாரம் பார்த்துக் கழுவு. மிளகாய், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. ரத்தம் வந்திருப்பதால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும். அரசு மருத்துவமனையில் இலவசம். தோலுக்குள் போடுகிற முறையில் தடுப்பூசி தொடங்குகிற நாள், அதிலிருந்து மூன்று நாள் கழித்து, ஏழு நாள் கழித்து, இருபத்தெட்டு நாள் கழித்து. ஒன்றையும் விடக்கூடாது.

ஊமத்தை இலைச் சாறு கொடுக்கிறேன், மந்திரிக்கிறேன் என்று யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதே. வெறிநோய் அறிகுறி வந்த பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை, அது வருவதற்கு முன்பாகப் போடுகிற ஊசியால் தடுத்துவிடலாம். குட்டிக்குக்கூட வெறிநோய் இருக்கலாம், தாய் நாய் தெருவில் திரிந்ததா என்று விசாரி. பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனி, ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்காதே. குழந்தையை இப்போதே கூட்டிப்போகச் சொல்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: நாய் கீறினால் வீட்டில் சொல்லுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். அடிக்குப் பயந்து மறைக்கிற பிள்ளைகள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

பாகாயம் பொண்ணு:

கழுவிவிட்டோம். நானும் கூடப் போகிறேன்.

ஆரணி வீட்டுக்காரர்:

பழைய வடஆற்காட்டுக்காரன் நானும் கேட்கலாம்தானே. எங்கள் பெட்டைக்கு எட்டு வயது, கருத்தடை செய்யவில்லை. போன மாதம் பருவம் வந்து முடிந்தது. இப்போது குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, சோறு தொடவில்லை, பின்பக்கம் நக்கிக்கொண்டே இருக்கிறது. பாயில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறது, நாற்றம். வெயில் தணிந்ததும் பார்க்கலாமா? கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குக் கூப்பிட்டால் வருவார்களா?

குடியாத்தம் பெரியவர்:

தணியும் வரை இருக்காதீர்கள். நீங்கள் சொல்கிற அத்தனையும் கருப்பையில் சீழ் வைப்பதற்கான அடையாளம். பருவம் முடிந்த சில வாரத்தில், கருத்தடை செய்யாத வயதான பெட்டைகளுக்கு வருவது. வெளியே வடிகிறது என்பதால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, கருப்பையின் வாய் மூடிக்கொண்டால் உள்ளேயே உடைந்துவிடலாம். பெரும்பாலும் கருப்பையை எடுப்பதுதான் வழி. 1962 முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது, அதற்காகக் காத்திருக்காமல் ஆட்டோ பிடியுங்கள்.

அறுவை சிகிச்சை, ஸ்கேன் இரண்டும் இருக்கிற இடமா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இனிமேல் சோறு வைக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். தண்ணீர் கேட்டால் கொடுங்கள். பருவம் எந்தத் தேதியில் முடிந்தது, நாற்றம் எப்போது தொடங்கியது, கருத்தடை ஊசி ஏதாவது முன்பு போட்டிருக்கிறீர்களா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வலியில் இருக்கிற நாய், வீட்டு ஆளையே கடிக்கும். தூக்கும்போது அடிவயிற்றில் கைகொடுத்து அழுத்தாமல், போர்வையில் படுக்க வைத்து இரண்டு பேராகத் தூக்குங்கள்.